மூன்று வண்டி, பதினொரு படம்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா. அடுப்பை அணைத்துவிட்டீர்களா, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டீர்களா? சரி, இப்படி என் பக்கத்தில் உட்காருங்கள். இன்றைக்கு உங்களுக்கு ஒரு கதை தருகிறேன். ராஜா கிடையாது, பூதம் கிடையாது. ஒரு தகப்பன், ஒரு மகள், ஒரு ஸ்கூட்டர், அவ்வளவுதான். கேட்டு முடிக்கும்போது மனசு கொஞ்சம் கனக்கும். பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள்.

முஹம்மது இஸ்மாயில் பாய்க்கு வயசு அறுபத்திரண்டு. லால்பேட்டைக்காரர். குவைத்தில் ஒரே வீட்டில் பதினாறு வருஷம் டிரைவராக இருந்து, அந்த வீட்டுப் பிள்ளைகள் வளர்ந்து தாங்களே கார் ஓட்ட ஆரம்பித்ததும் ஊர் திரும்பியவர். சிதம்பரத்திலிருந்து புவனகிரி போகிற சாலையில் ஆறு கிலோமீட்டர் தள்ளி இரண்டு அறை வீடு கட்டிக்கொண்டார். மனைவி சர்புன்னிசா கொரோனாவில் போய்ச் சேர்ந்துவிட்டாள். மிச்சம் இருப்பது ஒரே மகள், ஹஃப்சா.

ஹஃப்சாவுக்குப் பிறவியிலேயே இடுப்புக்குக் கீழே தெம்பு கிடையாது. இரண்டு கக்கத்திலும் கட்டை வைத்துத்தான் நடை. கால் கொடுக்காத கடவுள் கையில் சேர்த்துக் கொடுத்துவிட்டான். லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்து, சிதம்பரம் தெற்கு வீதியில் பிரிசில்லா என்கிற அம்மாள் நடத்தும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் மூன்று வருஷமாக வேலை. நரம்பே தென்படாத கிழவிகளுக்குக்கூட ஒரே குத்தில் ரத்தம் எடுத்துவிடுவாள். "கட்டைப் பொண்ணு இருந்தா வரச்சொல்லு, இல்லன்னா நாளைக்கு வரேன்" என்று திரும்பிப் போகிறவர்களும் உண்டு. அப்படிச் சொன்னால் அவளுக்குக் கோபம் வராது. அவளைத்தானே கேட்கிறார்கள்!

லேப் காலை ஆறரைக்குத் திறந்துவிடும். வெறும் வயிற்றோடு வரும் சர்க்கரைக்காரர்கள் ஆறு மணிக்கே வாசலில் நிற்பார்கள். அந்த வேளையில் அந்தச் சாலையில் ஷேர் ஆட்டோ வராது. டவுன் பஸ் படியில் அவளால் ஏற முடியாது. தனி ஆட்டோ வைத்தால் சம்பளம் ஆட்டோவோடு போய்விடும். ஆகவே இஸ்மாயில் பாய்தான் பழைய மொபெட்டில் தினமும் கொண்டுபோய் விடுவார். கட்டை இரண்டையும் வண்டியின் பக்கவாட்டில் கயிறு போட்டுக் கட்டி, மகளைப் பின்னால் உட்காரவைத்து, குவைத்தில் ஷேக்கின் காரை ஓட்டிய அதே கர்வத்தோடு ஓட்டுவார்.

ஆடி மாசம் அவர் வலது கண் போய்விட்டது. சர்க்கரைதான். அவர் சர்க்கரை முந்நூற்றுப் பத்து என்று முதலில் அளந்து சொன்னவளே ஹஃப்சாதான். இடது கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. பேப்பரில் தலைப்பு எழுத்து தெரியும். பொடி எழுத்தெல்லாம் வெல்லத்தில் ஈ மொய்த்த மாதிரி இருக்கும். அதனால் காலையில் மகள் பேப்பர் படிக்க, தகப்பன் கேட்பது வழக்கமாயிற்று. அப்படியும் மொபெட்டை விடவில்லை. ஒருநாள் எதிரே வந்த பால் வண்டியில் நேராகக் கொண்டுபோய் விட்டார். இரண்டு பேருக்கும் முழங்கை சிராய்ப்போடு போயிற்று. ஹஃப்சா அன்றே வண்டிச் சாவியை எடுத்து எங்கேயோ ஒளித்துவிட்டாள்.

பிரிசில்லா நல்ல மனசுக்காரி. வீட்டுக்கே வந்து பேசினாள். "உன் ஸ்டூல்ல யாரையும் உக்கார விடல ஹஃப்சா. வருஷம் முடியற வரைக்கும் பாக்குறேன். ஜனவரி பொறந்தா எனக்கு ஆள் வேணும்மா. நான் ஒருத்தி எத்தினி பேருக்குக் குத்துறது?"

வழி ஒன்று இருந்தது. பின்னால் இரண்டு சக்கரம் கூடுதலாகப் பொருத்திய ஸ்கூட்டர் ஒன்றை, நடக்க முடியாதவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிறது. அதைக் கொடுக்கும் அலுவலகம் கடலூரில். பெயர் நமக்கு எதற்கு? எல்லா அலுவலகத்துக்கும் ஒரே மாதிரி நாற்காலிதான். இஸ்மாயில் பாய் மனு போட்டார். ஆவணியில் கடிதம் வந்துவிட்டது. தேர்வாகிவிட்டாள், திங்கட்கிழமை மனு நாளன்று அலுவலக மைதானத்துக்கு வரவேண்டும். அந்த ஒரு வாரமும் பாய் மகளை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, கையில் பூரிக்கட்டையைக் கொடுத்து, பிரேக்கை எப்படிப் பிடிப்பது, வளைவில் எப்படித் திரும்புவது என்று பாடம் எடுத்தார். "ஹாரன் அடி" என்பார். அவள் வாயாலேயே அடிப்பாள். தெருவே சிரித்தது.

திங்கட்கிழமை காரில் போனார்கள். பக்கத்து வீட்டு ஹாமித் தன் காரையே கொடுத்து, தானே ஓட்டியும் வந்தான்.

மைதானத்தில் பந்தல் போட்டிருந்தது. ரிப்பன் கட்டிய மூன்று ஸ்கூட்டர். வாசித்த பேர் பதினொன்று. இஸ்மாயில் பாய் எண்ணிப் பார்த்தார். மீதி எட்டு வண்டி பின்னால் லாரியில் வருகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டார். பெரிய அதிகாரி வந்தார். முதல் மூன்று பேரை வண்டியில் ஏற்றி, கையில் சாவி கொடுத்து, படம் எடுத்தார்கள். இறக்கினார்கள். அடுத்த மூன்று பேரை அதே வண்டியில் ஏற்றினார்கள். சாவி, படம். இறக்கினார்கள். நான்காம் சுற்றில்தான் ஹஃப்சாவின் முறை. பேப்பர்காரர் ஒருவர், அன்பரசு என்று பேர், சின்ன வயசு, கேமராவைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் சிரிங்க மேடம்" என்றார்.

சொல்லவா வேண்டும்? அம்மா போனதிலிருந்து அவள் அப்படிச் சிரித்து பாய் பார்த்ததில்லை.

கீழே இறங்கியதும் ஒரு ஊழியர் கையை நீட்டி, நம்பர், இன்சூரன்ஸ் எல்லாம் முடித்து இரண்டு வாரத்தில் போன் பண்ணுகிறோம் என்று சாவியை வாங்கிக்கொண்டார். முறைப்படி நடப்பதாகவே பட்டது. புது வண்டிக்கு நம்பர் வாங்க வேண்டியதுதானே! ஒரு டிரைவருக்கு அது தெரியாதா?

மறுநாள் பேப்பரில் வந்திருந்தது. நாலு பத்தி அகலத்துக்குப் படம், நடுவில் ஹஃப்சா. 'மாற்றுத்திறனாளிகள் பதினொரு பேருக்கு ஸ்கூட்டர் வழங்கப்பட்டது' என்று கீழே வரி. பாய் மூன்று பிரதி வாங்கினார். ஒன்றை வெட்டி, புவனகிரி முக்கில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் போட்டு, சர்புன்னிசாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

இரண்டு வாரம் போயிற்று, போன் வரவில்லை. நான்கு வாரமும் போயிற்று. பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் பாய் கடலூர் போக ஆரம்பித்தார். விடியற்காலைத் தொழுகை முடித்து, சிதம்பரம் வந்து, பஸ் ஏறி, புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் எல்லாம் ஒற்றைக் கண்ணால் பச்சையும் சாம்பலுமாக ஓட, திருப்பாதிரிப்புலியூரில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, வரிசையில் நின்று மனு கொடுப்பார். வெறும் மனுவாகக் கொடுக்கமாட்டார். அந்தப் பேப்பர் படத்தை ஜெராக்ஸ் எடுத்து ஒவ்வொரு மனுவோடும் குண்டூசி குத்தி வைப்பார். நாங்கள் யாரோ எவரோ இல்லை, உங்கள் பெரிய அதிகாரி பக்கத்திலேயே நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள், பாருங்கள், முகம் தெரிகிறதா என்று சொல்வதற்காக. கல்யாணப் பத்திரிகையோடு வெற்றிலை பாக்கு வைப்பது போல, அது ஒரு மரியாதை என்று அவர் எண்ணம்.

ஏழு மனு. கார்த்திகை பிறந்தது, மழை பிடித்துக்கொண்டது. எட்டாவது திங்களுக்கு முன்னால் ஹஃப்சாவின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. 'தங்கள் மனு மீது தீர்வு காணப்பட்டது. மனு முடிக்கப்படுகிறது.'

பாய் நனைந்த குடையோடு போய் நின்றார். அந்தப் பிரிவில் எழுத்தர் திருநாவுக்கரசு. கெட்டவரில்லை. பாய்க்கு உட்கார நாற்காலி போடச் சொல்கிறவர். கோப்பைப் பிரித்துப் பார்த்துவிட்டு, உங்கள் பெண் ஏற்கெனவே வண்டி வாங்கிவிட்டதாக இருக்கிறதே என்றார்.

"வாங்கலீங்களே சார். சாவியக் குடுத்து, படம் புடிச்சி, திரும்ப வாங்கிட்டாங்க."

"யாரு வாங்குனா? பேரு தெரியுமா?"

பேர் தெரியாது. நீலச் சட்டை என்பது மட்டும் தெரியும். வழங்கல் பதிவேட்டைப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று பாய் கேட்டார். அது தணிக்கைக்குப் போயிருக்கிறதாம். எப்போது வரும் என்று தணிக்கைக்காரர்களுக்கும் தெரியாதாம். அதுவரைக்கும் கோப்பில் என்ன இருக்கிறதோ அதுதான் பேசும்.

"கோப்புல என்னா சார் இருக்குது?"

திருநாவுக்கரசு கோப்பை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். அந்த ஒற்றைக் கண்ணுக்கும் தெரிகிற அளவுக்குப் பெரிய படம். ஹஃப்சா சிரிக்கிறாள். பக்கத்தைப் புரட்டினார். ஹஃப்சா சிரிக்கிறாள். மறுபடி புரட்டினார். ஏழு தாளிலும் ஏழு ஹஃப்சா, கையில் சாவியோடு. ஒவ்வொன்றின் மூலையிலும் பாய் தன் கையால் குத்திய குண்டூசி துருப்பிடித்திருந்தது.

"ஆதாரம் வேற யாரும் குடுக்கல பாய். நீங்க குடுத்ததுதான்" என்றார் திருநாவுக்கரசு, குரலைத் தாழ்த்தி.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நாம் சொல்வோம் இல்லையா? இங்கே ஏட்டிலே சுரைக்காய் காய்த்துவிட்டதால் கொல்லையில் கொடி போடக்கூடாது என்று ஆகிவிட்டது. ஒருமுறை வாங்கியவருக்கு மறுமுறை கிடையாது. அது விதி.

எழுத்தருக்கே மனசு கேட்கவில்லை. மேலதிகாரிக்கு எழுத, எழுத்தில் ஏதாவது ஆதாரம் வேண்டும், அந்தப் பேப்பர்காரர்களே நாங்கள் போட்டது தப்பு என்று ஒரு வரி போட்டால், அதை வைத்துத் தான் ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்புவதாகச் சொன்னார்.

பேப்பர் அலுவலகம் திருப்பாதிரிப்புலியூரில், கோயில் தெருவுக்குப் பக்கத்தில், ஒரு பாத்திரக் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. செங்குத்தான படி. பாய் சுவரைத் தடவிக்கொண்டு ஏறினார். அங்கே பொறுப்பாளர் கோவிந்தசாமி என்பவர். முழுவதையும் கேட்டார். டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு சொன்னார்: "படம் எங்களுது. சேதி எங்களுது இல்ல பாய். வழங்கப்பட்டதுன்னு அவுங்கதான் எழுதிக் குடுத்தாங்க. வழங்கலன்னு அவுங்களே ஒரு லெட்டர் குடுக்கட்டும், நாளைக்கே போடறேன்."

பாய் மறுபடி ஷேர் ஆட்டோ ஏறி அலுவலகத்துக்கு வந்தார். திருநாவுக்கரசு தலையில் கை வைத்துக்கொண்டார். வழங்கவில்லை என்று அலுவலகம் எப்படிக் கடிதம் கொடுக்கும்? கொடுத்துவிட்டோம் என்றுதானே பேப்பரிலேயே வந்திருக்கிறது! பேப்பர் மாற்றிப் போட்டால்தான் அலுவலகம் எழுதலாம்.

"அவுங்க உங்களச் சொல்றாங்க, நீங்க அவுங்களச் சொல்றீங்க. நடுவுல எம் பொண்ணு எங்க சார் நிக்கிறது?" என்று கேட்டார் பாய்.

நாலு மணிக்கு மழை வலுத்தது. பாய் கடைசி வரிசையில் உட்கார்ந்தபடி, ஜன்னல் ஒழுகும் பஸ்ஸில் ஊர் திரும்பினார். வீட்டில் போய் முதல் வேலையாக, சுவரில் மாட்டியிருந்த லேமினேஷன் படத்தைக் கழற்றினார். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மகள் முகம் இருக்கிறதே, கிழிக்கவும் மனசு வரவில்லை. பீரோவுக்குப் பின்னால் சொருகினார்.

மறுவாரம் ஒருநாள் அன்பரசு போன் பண்ணினார். படம் எடுத்தாரே, அந்தப் பேப்பர்காரர்தான். மாடியில் பாய் பேசியதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டாராம். தன் படத்தால் இப்படி ஆயிற்றே என்று அவருக்குத் தூக்கம் இல்லை. வீட்டுக்கே வந்தார். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுதிக்கொண்டார். ஹஃப்சா கட்டையோடு வாசலில் நிற்பதைப் படம் எடுத்தார். இந்த முறை சிரிக்கச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை ஐந்தாம் பக்கத்தில் வந்தது. தலைப்பு பாய்க்கே தெரிந்தது: 'கொடுத்த சாவியைப் பறித்தது யார்?' ஹஃப்சா கீழே இருந்ததை நிறுத்தி நிறுத்திப் படித்தாள். ஒரு சொல் பொய்யில்லை. நீலச் சட்டையிலிருந்து ஏழு குண்டூசி வரைக்கும் இருந்தது. பாய்க்கு அன்று பிற்பகல் வரை பசியே இல்லை. தெருவில் ஆள் ஆளுக்கு நிறுத்திக் கை கொடுத்தார்கள். ஹாமித் வந்து, "மாமா, இனிமே அவனுங்க ஓடி வருவானுங்க பாருங்க" என்றான். பாய், சிரிப்பை மறைத்துக்கொண்டு, பார்ப்போம் என்றார்.

சனிக்கிழமை காலையில் மறுபடி வந்தது. முதல் பக்கத்தில், கட்டம் கட்டி. 'நமது செய்தி எதிரொலி: இளம்பெண்ணுக்கு ஸ்கூட்டர். அதிகாரிகள் அதிரடி. குடும்பத்தினர் நன்றி.'

ஹஃப்சா படித்து முடித்துவிட்டு வாசலைப் பார்த்தாள். பாயும் பார்த்தார். வண்டி வந்து நிற்கிறதோ, நாம்தான் கவனிக்கவில்லையோ என்று இரண்டு பேருக்கும் ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது. வாசலில் ஒரு கோழி நின்றது.

அதற்குள் போன். பிரிசில்லா. குரலெல்லாம் சந்தோஷம். "பேப்பர் பாத்தேன் ஹஃப்சா. கர்த்தர் கண்ணத் தொறந்துட்டாரு. திங்கக்கிழம வந்துடுவல்ல?"

வண்டி வரவில்லை என்று ஹஃப்சா சொன்னாள். பேப்பரில் போட்டிருக்கிறதே என்றாள் பிரிசில்லா. அவள் சந்தேகப்படவில்லை, பாவம். ஆனாலும் அந்த ஒரு கேள்விக்கு அப்புறம் அவர்கள் பேச்சில் ஏதோ ஒன்று குறைந்துவிட்டது.

அன்பரசுவைக் கூப்பிட்டார்கள். தான் அதை எழுதவில்லை என்றார். வண்டி கொடுக்கும் அலுவலகத்திலிருந்து பேப்பரின் மேலிடத்துக்குப் போன் போயிருக்கிறது. நடவடிக்கை எடுத்தாயிற்று, போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னார்களாம், அங்கேயே எழுதிவிட்டார்களாம். பேப்பருக்கும் பெருமை, அலுவலகத்துக்கும் பெருமை.

"திரும்ப எழுதேன் தம்பி" என்றார் பாய்.

"எழுதினா போட மாட்டாங்க பாய். எதிரொலி வந்துட்டா அது முடிஞ்ச சேதி."

திங்கட்கிழமை திருநாவுக்கரசு கோப்பைத் திறந்தபோது, அதில் எட்டாவதாகவும் ஒரு துண்டு சேர்ந்திருந்தது. கட்டம் கட்டிய துண்டு. இதை யார் வைத்தது என்று பாய் கேட்கவில்லை.

மார்கழி பிறந்ததும் தொலைக்காட்சிக்காரர்கள் சிதம்பரத்துக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, பாய் அங்கேயும் போனார். அவர்கள் போனில் ஏதோ தேடிப் பார்த்துவிட்டு, இது ஏற்கெனவே சரியாகிவிட்டதே அய்யா என்று அந்தக் கட்டத்தையே அவருக்குக் காட்டினார்கள்.

இப்படியாக டிசம்பரின் கடைசித் திங்கள் வந்துவிட்டது. வியாழக்கிழமை ஜனவரி பிறக்கிறது. அண்ணாமலை நகரிலிருந்து ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருப்பதாகவும், புதன்கிழமை வரை பொறுப்பதாகவும் பிரிசில்லா சொல்லியிருந்தாள். பாய் பதினான்காவது மனுவோடு கிளம்பினார். அதில் படம் எதுவும் குத்தவில்லை. ஹஃப்சா, போகவேண்டாம் அத்தா, காலெல்லாம் வீங்கியிருக்கிறது என்றாள். வண்டியோட்டிக்கு வீட்டில் என்ன வேலை என்றார் அவர்.

மைதானத்தில் பந்தல் போட்டிருந்தது. பாய் வாசலிலேயே நின்றுவிட்டார்.

ரிப்பன் கட்டிய மூன்று ஸ்கூட்டர். அதே மூன்றா, வேறு மூன்றா, அந்தக் கண்ணுக்கு எப்படித் தெரியும்? வரிசையாக நாற்காலியில் ஒன்பது பத்துப் பேர். வண்டியில் ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பத்தொன்பது, இருபது வயசு இருக்கும், பூ வைத்திருந்தது. பக்கத்தில் வேட்டி கட்டிய ஒருவர், தகப்பனாகத்தான் இருக்கவேண்டும், பண்ருட்டிப் பக்கமாம், தோளில் துண்டைச் சரிபண்ணிக்கொண்டு நின்றார். நாலு மாசம் முன்னால் பாய் நின்ற நிற்பு அது.

பெரிய அதிகாரி சாவியைக் கொடுத்தார். அந்தப் பெண் சிரித்தது.

பாய் நடந்தார். பிறகு ஓடினார். அறுபத்திரண்டு வயசு, வீங்கிய கால், ஒற்றைக் கண். கயிற்றைத் தாண்டி, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, வாயைத் திறந்து கத்தினார்.

"சாவியத் திரும்பக் குடுக்காதம்மா! குடுக்காத! கையிலயே வச்சிக்க!"

ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவர்களுக்குத்தான் கேட்டது. பண்ருட்டிக்காரர் திரும்பிப் பார்த்து முகம் சுளித்தார். "என்னா பாய், உனக்குக் கிடைக்கலன்னு எம் பொண்ணுக்குக் கிடைக்கறதக் கெடுக்கிறியா?" என்றார். பாய் அவர் கையைப் பிடித்து ஏதோ சொல்லப்போனார். இரண்டு காவலர் வந்து, அடிக்கவில்லை, மெதுவாகத்தான், தோளைப் பிடித்து வெளியே கொண்டுவந்து வேப்பமரத்தடியில் விட்டார்கள். அங்கே இருந்து பார்த்தார். அந்தப் பெண் வண்டியிலிருந்து இறங்கியது. ஒருவர் கையை நீட்டினார். அது சாவியைக் கொடுத்தது, நன்றி வேறு சொன்னது.

அன்பரசு கேமராவோடு ஓடி வந்தார். "புடிச்சிட்டேன் பாய். நீங்க கைய தூக்கிக்கிட்டு ஓடி வந்தது, அந்தப் பொண்ணு, வண்டி, எல்லாம் ஒரே படத்துல. இத யாராலயும் மாத்த முடியாது. இன்னிக்கே அனுப்பறேன்."

பாய் அவர் தலையில் கை வைத்து துஆ செய்தார். திரும்பும் வழியில், ஒருநாள் இருக்கிறதே, புதன்கிழமைக்குள் இன்னும் ஒருநாள் இருக்கிறதே என்று பஸ்ஸின் ஆட்டத்தோடு தனக்குள் சொல்லிக்கொண்டே வந்தார்.

செவ்வாய்க்கிழமை தொழுகை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல், சாலை முக்கில் பேப்பர் கட்டு வந்து விழும்வரை நின்று, முதல் பிரதியை வாங்கினார். இருட்டு பிரியாத நேரம். டீக்கடை விளக்குக்குக் கீழே போய், மூக்கில் ஒட்டும்படி வைத்துப் பார்த்தார். படம் வந்திருந்தது. பெரிதாகவே வந்திருந்தது. வண்டி, பெண், பின்னால் வெள்ளைத் தொப்பி, மேலே தூக்கிய இரண்டு கை, திறந்த வாய். தான்தான். மேலே கொட்டை எழுத்தில் தலைப்பு. ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துக் கூட்டினார்.

'மகிழ்ச்சி வெள்ளம்!'

கீழே பொடி எழுத்தில் இரண்டு வரி. ஈ மொய்த்த மாதிரி. மறுபடி படத்தைப் பார்த்தார். அப்படிப் பார்த்தால் அப்படியும் இருந்தது. பேரனைத் தூக்க ஓடி வரும் தாத்தா மாதிரி.

டீக்கடைக்காரர் கூப்பிட்டார். பாய்க்குக் காதில் விழவில்லை. பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார்.

ஹஃப்சா எழுந்து உட்கார்ந்திருந்தாள். லேப்புக்குப் போகிற நாளில் போட்டுக்கொள்ளும் வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டு மடியில் வைத்திருந்தாள். பாய் பேப்பரை அவள் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். அவள் பிரித்தாள். பார்த்தாள். தாளுக்குப் பின்னால் முகம் தெரியவில்லை. பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, தினமும் படிக்கிற அதே குரலில் படித்தாள்.

"'வாங்கிய சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்று ஒரு தகப்பன் குறுக்கே ஓடினார். சிதம்பரத்தைச் சேர்ந்த முஹம்மது இஸ்மாயில் என்பவரின் மகளுக்கு நான்கு மாதமாக வண்டி தரப்படவில்லை. அவர் சொல்வது அத்தனையும் உண்மை என விசாரணையில் தெரியவந்தது.' அவ்வளவுதான் அத்தா."

பாய் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு வரி, அதில் இவ்வளவு சேதி!

"நல்லா எழுதியிருக்கான்" என்றார். "இன்னொரு வாட்டி படிம்மா."

அவள் மறுபடி படித்தாள். இந்தத் தடவை 'நான்கு மாதமாக' என்பது 'பல மாதங்களாக' என்று வந்தது. விசாரணையைத் தவறவிட்டுவிட்டாள். பிறகு நினைவு வந்து கடைசியில் சேர்த்தாள். பாய் கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். மடியிலிருந்த வெள்ளைக் கோட்டை அவள் நான்காக மடித்து, பிறகு எட்டாக மடித்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை பிரிசில்லாவின் போன் வந்தது. ஹஃப்சாதான் எடுத்தாள். சரி மேடம் என்றாள். பரவாயில்லை மேடம் என்றாள். புதுசாக வரும் பெண்ணுக்கு, வயசானவர்கள் வந்தால் முதலில் வெந்நீர்த் துணியால் கையை ஒற்றச் சொல்லுங்கள், நரம்பு மேலே வரும் என்றும் சொன்னாள்.

கதை அவ்வளவுதான், கண்ணுகளா. வண்டி வந்ததா என்று கேட்காதீர்கள். நானும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எழுந்து போவதற்கு முன்னால் என் கையை உங்கள் தலையில் வைத்துச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் ஒருவர் கைக்கு வந்தது அந்தக் கையிலேயே தங்கட்டும். உங்கள் வீட்டுச் சிரிப்புக்குக் கீழே யாரும் பொய் எழுதாமல் இருக்கட்டும். நடக்க முடியாதவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவர் போகவேண்டிய இடம் அவருக்காகக் காத்திருக்கட்டும். உங்கள் வீட்டில் ஒருவருக்கொருவர் பேப்பர் படித்துக் காட்டும்போது, உள்ளதையே படிக்கிற மாதிரி நாள் நிறைய வரட்டும். அடுப்பும் விளக்கும் அணையாமல், பிள்ளை குட்டிகளோடு நல்லா இருங்கள்.